மேட்டுப்பாளையத்தில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

பழைய பென்ஸ் கார் பட்டறைக்கு வந்தால், டிக்கியில் ஒரு பையும் கூடவே வரும். துணிப்பையோ அட்டைப்பெட்டியோ, உள்ளே கழற்றிப்போட்ட பிளக்குகள், காயில், ரிலே, பெட்ரோல் பம்ப், சில சமயம் கன்ட்ரோல் யூனிட்கூடக் கிடக்கும். "இத்தனையும் மாத்தியாச்சுங்க, கம்ப்ளெய்ன்ட் மட்டும் அப்படியே நிக்குது" என்பார் ஓனர். பானெட்டைத் திறப்பதற்கு முன் நான் அந்தப் பையைத்தான் வாங்கிப் பார்ப்பேன். எந்தச் சாமானை முதலில் மாற்றினார்கள், அடுத்து எதற்குப் போனார்கள் என்று கேட்டாலே, முன்பு கைவைத்தவர்களின் யோசனை ஓடிய தடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் யாரும் எதையும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். பிளக்காக இருக்கும், காயிலாக இருக்கும், பம்பாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே போயிருப்பார்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் ஓனர் பணம் கட்டியிருப்பார். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். நன்றாக இருந்த சாமான்கள் அவை.

நான் அதிகம் வேலை பார்ப்பது கோயம்புத்தூரிலும் நீலகிரியிலும் ஓடுகிற டபிள்யூ 124 வகை பென்ஸ் கார்களில். 1984ன் கடைசியில் ஜெர்மனியில் அறிமுகமான வண்டி. 25 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நம் நாட்டுக்கு முதலில் இறக்குமதியாக வந்தது. பிறகு 1995ல் புனேயில் டெல்கோ தொழிற்சாலை வளாகத்தில் அசெம்பிள் செய்யத் தொடங்கினார்கள். அன்றைக்கு மில் முதலாளிகளும் எஸ்டேட்காரர்களும் டாக்டர்களும் வாங்கினார்கள். இன்றைக்கு அவர்களுடைய பிள்ளைகளோ, பழைய கார் மேல் ஆசை வைத்த இளைஞர்களோ வைத்திருக்கிறார்கள். பாடி கெட்டி, கியர்பாக்ஸ் கெட்டி, என்ஜின் அதைவிடக் கெட்டி. கெடுவதெல்லாம் என்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர், ஈயப் பற்றவைப்பு, வயர் உறை, சின்னச் சின்ன வால்வு. இதை முதலில் மனதில் பதியவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இறக்குமதியாக வந்த பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே.ஈ. ஜெட்ரானிக். இன்றைய பையன்கள் அதைக் கண்டால் மிரளுகிறார்கள். ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே சொருகுவது என்று தேடுகிறார்கள். சொருக இடம் கிடையாது. ஆனால் அந்த சிஸ்டத்தைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. ஏர் ஃபில்டருக்குக் கீழே வட்டமான தகடு ஒன்று இருக்கிறது. என்ஜின் இழுக்கும் காற்று அந்தத் தகட்டைத் தள்ளுகிறது. தகட்டோடு சேர்ந்த நெம்புகோல், ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு பிளஞ்சரைத் தூக்குகிறது. எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு பெட்ரோல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிறது. இஞ்செக்டரைத் திறந்து மூட கரண்ட் கிடையாது, சுமார் 3.5 பார் அழுத்தம் வந்தால் தானே திறந்து, என்ஜின் ஓடும் வரை விடாமல் பீய்ச்சிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் யூனிட்டின் பங்கு, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஆக்சுவேட்டர் ஒன்றுக்கு சில மில்லி ஆம்பியர் கரண்ட் கொடுத்து, கலவையைக் கொஞ்சம் ரிச்சாகவோ லீனாகவோ திருத்துவது மட்டும்தான். அந்த வயரைக் கழற்றிவிட்டாலும் சூடான என்ஜின் ஓடும். கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, கேஜ் வைத்து அளந்து புரிந்துகொள்ளக்கூடிய கடைசித் தலைமுறை என்ஜின் இது என்பேன். எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், வண்டி வந்து நின்றதும் ஸ்பேனரை எடுக்க விடமாட்டார். ஓனரை ஸ்டூலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "எப்பங்க இப்படிப் பண்ணுது?" என்று ஆரம்பிப்பார். என்ன பண்ணுகிறது என்பதை அப்புறம்தான் கேட்பார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா? சூடான பிறகா? நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் கழித்து? மழையிலா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? டேங்க் நிரப்பிய உடனேவா, பெட்ரோல் குறைந்த பிறகா? ஏசி போட்டாலா? ஒரு மணி நேரம்கூட ஆகும். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நேர விரயம் என்பார்கள். அவரோடு இருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்டதில் இதற்கு மேலான வித்தை வேறு கிடையாது. மிஸ்ஸிங் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இருபது காரணம் இருக்கும். "மழை பெய்தால் மட்டும் மிஸ்ஸிங்" என்றால் அந்த இருபது இரண்டாகச் சுருங்கிவிடும்.

குன்னூரில் இருந்து வந்த 300 ஈ ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், ஆட்டோமேடிக். தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருடைய கார். கூடவே வந்த அட்டைப்பெட்டியில் பழைய பெட்ரோல் பம்ப், பிளக்குகள், பிளக் வயர் செட், ஒரு பழைய ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டர். கடைசிச் சாமானைப் பார்த்ததும் திக்கென்றது. அதன் விலைக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம்.

"தம்பி, இந்த வண்டி எங்க வீட்டுல ஒரு நாளும் மக்கர் பண்ணுனதில்ல. ஒரே செல்ஃப்புல ஸ்டார்ட் ஆகும். மேட்டுப்பாளையத்துல சாப்பிட நிறுத்துனா மட்டும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. அங்க மட்டுந்தான். கேட்டா சிரிக்கறாங்க."

"எவ்ளோ நேரம் நிறுத்துவீங்க சார்?"

"அரை மணி, முக்கா மணி. செல்ஃப் அடிச்சு அடிச்சு, பேட்டரி போற நேரத்துல பொகையா தள்ளிக்கிட்டு எடுக்கும். எடுத்து ஒரு நிமிஷம் நொண்டும். அப்புறம் ராஜா மாதிரி ஓடும்."

"சாயந்தரம் திரும்பி வந்தா?"

"மூணு மணி நேரம் கழிச்சு வந்தா ஒரே செல்ஃப்."

சிரிப்பதற்கு இதில் எதுவும் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சாட்சியம். சூடான என்ஜினை நிறுத்தினால் ஃபேன் நின்றுவிடும், தண்ணீர் சுற்றுவதும் நின்றுவிடும். பானெட்டுக்குள் சூடு அதற்குப் பிறகுதான் ஏறும். அரை மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் லைனில் உள்ள பெட்ரோல் ஆவியாகாமல் இருக்க வேண்டுமென்றால் லைனில் அழுத்தம் நிற்க வேண்டும். கே.ஈ. சிஸ்டத்தில் ஓடும்போது 5.3 முதல் 5.5 பார் வரை இருக்கும். என்ஜினை நிறுத்தியதும் அது இஞ்செக்டர் திறக்கும் அளவுக்குக் கீழே சட்டென்று இறங்கி, அங்கேயே பிடித்து நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் இஞ்செக்டர் ஒழுகும். மிகவும் கீழே போனால் பெட்ரோல் கொதித்து லைன் முழுக்க ஆவி நிறையும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் இரண்டரை பார் அளவுக்காவது இருந்தால் நிம்மதி. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உயரத்தில் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஊர்க் குளிர் அதை அடக்கிவிடும். மேட்டுப்பாளையத்து வெயிலில் அடக்க ஆள் இல்லை. கோளாறு குன்னூர் வீட்டிலும் இருந்திருக்கிறது. காட்டிக்கொடுத்தது மேட்டுப்பாளையம்.

கோல்டு ஸ்டார்ட் வால்வுக்குப் போகும் லைனில் கேஜை மாட்டினோம். ஓடும்போது அழுத்தம் சரியாக இருந்தது. என்ஜினை நிறுத்தினேன். முள் வந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரே மூச்சில் பூஜ்யத்துக்குப் போனது. பக்கத்தில் நின்ற பையன், "பம்பு போச்சுங்ணா" என்றான். இந்த அவசரத்தில்தான் அட்டைப்பெட்டிகள் நிறைகின்றன. அழுத்தம் போக நாலு வழி இருக்கிறது. பம்பின் வாயில் இருக்கும் செக் வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பலாம். அக்யூமுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்து போகலாம். பிரஷர் ரெகுலேட்டர் வழியாக ரிட்டர்ன் லைனில் போகலாம். இஞ்செக்டர் ஒழுகி சிலிண்டருக்குள் போகலாம். எந்த வழி என்று தெரியாமல் எந்தச் சாமானையும் வாங்கக் கூடாது.

வண்டியைத் தூக்கி, பின் ஆக்சிலுக்கு முன்னால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். பம்ப், ஃபில்டர், அக்யூமுலேட்டர் மூன்றும் அங்கே ஒரே இடத்தில் இருக்கும். அக்யூமுலேட்டரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஹோஸ் உண்டு. டயஃப்ரம் கிழிந்திருந்தால் அந்த வழியாகப் பெட்ரோல் வரும். கழற்றிப் பார்த்தோம், காய்ந்து கிடந்தது. ஆக அக்யூமுலேட்டர் நல்லது. ஹோஸைத் திரும்ப மாட்டி, என்ஜினை ஓட்டி, நிறுத்திய அதே நொடியில் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸை கிளாம்ப் போட்டு நெரிக்கச் சொன்னேன். முள் நின்றது. அசையவில்லை. கிளாம்பைத் தளர்த்தினால் இறங்குகிறது, நெரித்தால் நிற்கிறது. பெட்ரோல் பம்பின் வழியாகவே பின்னால் டேங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது. செக் வால்வுதான்.

"பம்ப் புதுசு மாத்தியிருக்காங்களே" என்றார் பெரியவர். உண்மை. ஆனால் செக் வால்வு பம்பின் வாயில் தனியாகத் திருகி மாட்டும் சாமான். புது பம்ப் வாங்கியவர்கள், பழைய பம்பில் இருந்த வால்வைக் கழற்றி அதிலேயே மாட்டியிருக்கிறார்கள். பெட்டியில் கிடந்த பழைய பம்பை எடுத்துப் பார்த்தால் அதன் வாய் வெறுமையாக இருந்தது. பம்பின் விலையில் சின்னப் பங்குகூட வராத வால்வு. அதை மாற்றி, மதிய வெயிலில் நிறுத்தி, முக்கால் மணி கழித்து செல்ஃப் அடித்தோம். எடுத்த எடுப்பிலேயே ஸ்டார்ட்.

அதோடு அனுப்பியிருந்தால் வேலை அரைகுறையாகப் போயிருக்கும். அந்தக் காருக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. சூடான பிறகு ஸ்லோ நிற்காமல் ஏறி ஏறி இறங்கியது. பெட்ரோல் வாடையும் அடித்தது. இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். என்ஜின் ஸ்லோவில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். நல்ல நிலையில் உள்ள கே.ஈ. என்ஜினில் மூடியைத் திறந்ததும் ஸ்லோ தடுமாற வேண்டும். ஏனென்றால் கிராங்க்கேஸின் காற்று இன்டேக்கோடு சேர்ந்திருக்கிறது, தகடு அளக்காத காற்று அந்த வழியாக உள்ளே புகுந்துவிடும். இந்தக் காரில் மூடியைத் திறந்தாலும் மூடினாலும் எந்த வித்தியாசமும் இல்லை. ஏற்கெனவே வேறெங்கோ அதைவிடப் பெரிய வழியில் காற்று புகுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை விழுந்த குழலில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி, என்ஜின் இழுக்கிறது, தகட்டுக்கு அது தெரியவில்லை. தகடு நகராவிட்டால் பெட்ரோலும் ஏறாது. கலவை லீனாகும்.

புகை மெஷினை இன்டேக்கில் வைத்து ஊதினோம். இஞ்செக்டர்கள் உட்கார்ந்திருக்கும் இடங்களில் மெல்லிய புகை எழுந்தது. இஞ்செக்டரைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் கல்லாக இறுகியிருந்தன. விரலால் அமுக்கினால் உடைந்தது. தகட்டுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் பெரிய ரப்பர் பூட்டின் அடிப்பக்கத்திலும் வெடிப்பு. அதை மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும்.

இதை முன்பு பார்த்த யாரோ, ஓட்டையைத் தேடாமல் கலவையைத் திருகியிருக்கிறார்கள். ஏர் ஃபில்டரின் நடுவே, டிஸ்ட்ரிபியூட்டருக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு துளை வழியாக 3 மில்லிமீட்டர் ஆலன் கீ இறங்கும். வலப்பக்கம் திருகினால் ரிச், இடப்பக்கம் லீன். பென்ஸ் பட்டறைகளில் இதைவிட ஆபத்தான கருவி கிடையாது என்பது என் அபிப்பிராயம். காற்று புகுவதால் லீனான என்ஜினைத் திருகி ரிச்சாக்கினால் ஸ்லோ அப்போதைக்கு நிற்கும். வண்டி போய்விடும். ஆனால் ஸ்லோவில் புகும் காற்று அளவு வேறு, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது வேறு. ஸ்லோவுக்காகத் திருகியது மிதிக்கும்போது அதிகப்படியாகிவிடும். பெட்ரோல் வாடை, கருப்புப் பிளக், குறைந்த மைலேஜ், கருப்புப் புகை. அடுத்தவர் பிளக்கை மாற்றுவார். அதற்கடுத்தவர் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவார். அந்த அட்டைப்பெட்டியின் முழு வரலாறும் அந்த ஒரு திருகலில் தொடங்கியது.

சீல்களையும் பூட்டையும் மாற்றினோம். ஆயில் மூடியைத் திறந்தால் இப்போது என்ஜின் தடுமாறியது. அதன் பிறகுதான் கேஸ் அனலைசரை சைலன்ஸரில் விட்டு ஆலன் கீயைத் தொட்டேன். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத வண்டி அது. ஈயம் கலக்காத பெட்ரோலே 1995ல்தான் நம் பெருநகரங்களில் கிடைக்கத் தொடங்கியது, அதற்கு முன் வந்த கார். ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு 1 சதவீதத்தை ஒட்டி இருக்குமாறு வைக்கலாம். நான் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வைத்தேன். கார் வாழப்போவது குன்னூரில். அங்கே காற்று மெலிவு. இங்கே சரியாக இருக்கும் கலவை அங்கே சற்று ரிச்சாகத்தான் போகும். மலையில் ஓடும் கார்களுக்கு வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது. வேக்யூம் கேஜிலும் இதே கதை. கடல் மட்டத்தில் ஸ்லோவில் 18 முதல் 20 அங்குலம் வரை காட்டும் நல்ல என்ஜின், ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் ஓர் அங்குலம் குறைத்துக் காட்டும். ஊட்டியில் போய் 12 அங்குலத்தைப் பார்த்துவிட்டு ரிங் போச்சு, வால்வு போச்சு என்று என்ஜினைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

மழைக் கோளாறு வேறு வகை. அதே ஆறு சிலிண்டர் என்ஜினில் கரண்ட் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம், ஃபேனுக்கு எதிரில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு கோவைக்குள் வரும் மாதங்களில் இந்தக் கார்கள் வரிசையாக வரும். காலையில் ஸ்டார்ட் ஆகி, நாலைந்து நிமிஷம் நொண்டி, சூடானதும் சரியாகிவிடும். பட்டறைக்கு வருவதற்குள் காய்ந்துபோய் ஒன்றும் தெரியாது. இதற்கு இருட்டில்தான் வேலை. ராத்திரி எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, என்ஜின் ஓடும்போது, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் கேப் மேலும் பிளக் வயர்கள் மேலும் மெல்லிசாக மூடுபனி போலத் தெளித்துப் பார்ப்பேன். கரண்ட் கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடும். வயரிலிருந்து ஹெட்டுக்கு, சில சமயம் ஒரு வயரிலிருந்து பக்கத்து வயருக்கு. பொறி வெளியே தெரியாவிட்டால் கேப்பின் உள்ளே பார்க்க வேண்டும். கேம் ஷாஃப்ட் சீல் ஒழுகி ஆயில் ஏறியிருக்கும், அல்லது ரோட்டாருக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் ஈரம் தேங்கியிருக்கும். கேப்பின் உட்புறத்தில் பென்சிலால் கோடு கிழித்தது போலக் கரிக்கோடு தெரிந்தால் அதைச் சுரண்டி ஓட்டக் கூடாது, மாற்றிவிட வேண்டும். ஒருமுறை பாதை கண்ட கரண்ட் அதே பாதையைத்தான் தேடும்.

சில கோளாறுகளுக்கு ஜோடி உண்டு. ஸ்லோ சரியில்லை என்று ஒருவர் வருவார். பேசிக்கொண்டே இருக்கும்போது, "ஏபிஎஸ் லைட்டும் அப்பப்போ எரியுதுங்க, அதை வேற ஒரு நாள் பாத்துக்கலாம்" என்பார். வேறு நாள் தேவையில்லை. பேட்டரிக்குப் பின்னால், தலையில் ஃபியூஸ் வைத்த ஒரு ரிலே இருக்கும். ஓவர் வோல்ட்டேஜ் ப்ரொடெக்ஷன் ரிலே. என்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் கரண்ட் இதன் வழியாகத்தான் போகிறது. சூட்டிலும் அதிர்விலும் உள்ளே ஈயப் பற்றவைப்பு வெடித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி வட்டமாக முடி போன்ற கோடு தெரியும். பற்றவைத்துப் போட்டால் இரண்டு கம்ப்ளெய்ன்ட்டும் ஒன்றாகப் போகும். ஆனாலும் புதிது வாங்கிப் போடச் சொல்வேன். புதுப்பேட்டையில் பழைய ரிலே மலிவாகக் கிடைக்கும். அதே வயதுள்ள இன்னொரு பற்றவைப்பைக் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை.

தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரும் இப்படித்தான் ஏமாற்றும். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம்ஸ், 80 டிகிரியில் 300 ஓம்ஸை ஒட்டி. சூடான பிறகும் ஆயிரக்கணக்கில் காட்டினால் கன்ட்ரோல் யூனிட் என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மல்டிமீட்டரும் ஒரு நிமிஷமும் போதும்.

ஓட ஓட நிற்கும் கார்களில் ஒரு வகை எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் ஓனர் சொல்லும் கதையிலேயே விடை இருக்கும். அவிநாசி தாண்டும் வரை பிரமாதமாகப் போகிறது, பிறகு பிக்கப் குறைகிறது, நிற்கிறது. ஓரங்கட்டி அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுக்கிறதா என்று கேட்பேன். இழுத்தால் டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது, டேங்குக்குள் வெற்றிடம் பம்போடு மல்லுக்கட்டுகிறது. இழுக்கவில்லை என்றால் டேங்கின் அடியில் இருக்கும் ஸ்ட்ரெயினரில் துரு. ஓடும்போது துரு சல்லடையில் ஒட்டும், நிறுத்தினால் உதிரும். வருஷக்கணக்கில் ஷெட்டில் நின்ற கார்களில் இது அதிகம். இவற்றில் எதற்கும் பம்பை மாற்றத் தேவையில்லை. பம்பைத்தான் மாற்றியிருப்பார்கள்.

புனேயில் அசெம்பிள் ஆன ஈ 220 வேறு கதை. 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், 150 குதிரைத்திறன். தகடும் நெம்புகோலும் போய், காற்றை அளக்க ஹாட் ஃபிலிம் சென்சாரும் சிலிண்டருக்கு ஒரு மின்சார இஞ்செக்டரும் வந்துவிட்டன. இங்கே வயர்தான் எதிரி. 1990களின் முற்பகுதியில் வந்த சில ஐரோப்பியக் கார்களின் என்ஜின் வயரிங்கில், உறை நாளடைவில் சூட்டில் காய்ந்து நொறுங்கிவிடும். மேலே சுற்றியிருக்கும் கருப்புக் குழாய் பார்க்கப் புதிதுபோல இருக்கும். அதை ஓரிடத்தில் கீறி உள்ளே பார்த்தால் வயர்கள் சட்டையில்லாமல் செம்பு தெரியக் கிடக்கும். ஒன்றோடொன்று உரசும்போது மிஸ்ஸிங், ஜெர்க், ஒரு நாள் ஒரு கோளாறு, மறுநாள் வேறு கோளாறு. நேரம் கேட்டால் ஓனரால் சொல்ல முடியாது. எந்த நேரத்துக்கும் அது கட்டுப்படவில்லை என்பதே எனக்கு ஒரு தகவல். அந்தக் கார்களில் சென்சாரைத் தொடும் முன் வயரைத் தொட வேண்டும். அதுவும் மெதுவாக, வளைத்துப் பார்க்கும் வேகத்திலேயே மிச்சமிருக்கும் உறையும் உதிர்ந்துவிடும். டேப் சுற்றி ஒப்பேற்றச் சொல்லி ஓனர்கள் கெஞ்சுவார்கள். நான் செய்வதில்லை. அந்த வயர்கள் கன்ட்ரோல் யூனிட் வரை போகின்றன, ஷார்ட் ஆனால் யூனிட்டும் போய்விடும். வயரிங் முழுவதையும் சூடு தாங்கும் வயரில் புதிதாகக் கட்டித் தருகிறோம். பழைய கனெக்டர்களைப் பத்திரமாகக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒவ்வொரு வயருக்கும் பழைய நிறத்தையே வைத்து, முடிந்ததும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்து. பையன்கள் சலித்துக்கொள்வார்கள். நிறம் மாறினால், பின்னால் இந்தக் காரைத் தொடும் மெக்கானிக் படத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவான்.

அதே ஈ 220ல் கிராங்க் சென்சார் சூட்டில் செத்துப்போவதும் உண்டு. ஓடும்போதே ஸ்விட்ச் ஆஃப் செய்தது போல நிற்கும், ஆறினதும் எடுக்கும். நின்ற அந்த நேரத்திலேயே பார்த்தால்தான் பிடிபடும். ஆகவே ஓனரோடு நானும் காரில் போவேன், டிக்கியில் டெஸ்ட் லாம்பும் மீட்டரும். நின்ற இடத்திலேயே பிளக்கில் கரண்ட் இருக்கிறதா, இஞ்செக்டருக்குத் துடிப்பு வருகிறதா என்று பார்ப்பது. இரண்டும் ஒன்றாகக் காணோம் என்றால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி ஓம்ஸ் பார்ப்பது. ஆயிரத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் எதுவுமே காட்டாவிட்டால் தீர்ந்தது. கரண்ட் இருந்து பெட்ரோல் மட்டும் இல்லையென்றால் பம்ப் ரிலே.

இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளில் வந்துவிட்டது. 1980களில் செய்த ரப்பர் ஹோஸும் சீலும் அதை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்திவைத்த காரின் டேங்கில் நீர் பிரிந்து அடியில் தங்கும், துரு பிடிக்கும், அது போய் ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டரின் பிளஞ்சரில் சிக்கும். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் ஏறி இறங்கும் பிளஞ்சர் அது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஸ்க்ரூவில் கலவை லீனாகவும் போகும். பழைய கே.ஈ. கார் வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது: ரப்பர் ஹோஸ்களை எல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், ஃபில்டரை முன்பைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள், நிறுத்திவைத்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது எடுத்து என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிஷத்தில் அணைப்பது கெடுதல்.

குன்னூர்ப் பெரியவருக்கும் ஹோஸ்களை மாற்றித்தான் அனுப்பினேன். அவருக்கு ஒரு சின்ன நோட்டும் கொடுத்தேன்: வண்டி எப்போது, எங்கே, என்ன சூட்டில், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது என்ன செய்தது என்று எழுதிக்கொண்டே வரச் சொல்லி. எஸ்டேட் கணக்கு எழுதிய கை. ஒரு வரி விடாமல் எழுதுகிறார். போன தடவை சர்வீஸுக்கு வந்தபோது அதில் ஒரு வரி இருந்தது: காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும், சில விநாடி, நீலப் புகை. வால்வு ஸ்டெம் சீல். அடுத்த மழைக்காலத்துக்குள் மாற்றிவிடலாம் என்று சொல்லி, சீலுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.